பங்குனிக்கு விட்டுவைத்த சுவர்

சாத்தம் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, இன்று ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு காலையைத் தொடங்குகிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகள் படித்தாலும் பாதகமில்லை.

மழையையும் வெயிலையும் உள்ளபடி சொன்ன ஓவியங்களை நான் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்தேன். போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் போகும் சாலைக்குக் கீழே, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் உள்ளே வந்து போகிற ஒரு வீட்டின் சுவர்களில். வரைந்தவள் என் அக்கா. அதற்கு முன் ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் அழகாகச் சொல்லித் தப்பிக்கத் தோன்றும். கல்லூரியில் ஆயுள் முழுவதும் தமிழ் நடத்தியவனுக்கு அந்த வித்தை கைவந்தது.

அப்பா மரமில்லில் எழுத்தராக இருந்தார். நமக்கெல்லாம் சாத்தம் என்கிற அந்தச் சின்னத் தீவுதான் உலகம். பாலத்தைத் தாண்டினால் ஊர். படகு ஏறினால் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். படாக் மரம் அறுக்கிற நாளில் தூள் ரத்தச் சிவப்பாகப் பறந்து வந்து, கொடியில் காயும் வேட்டிகளில் ஒட்டும். நம் அம்மாக்கள் அந்தத் தூளைத் திட்டித் தீர்த்தார்கள். அக்கா அதைத் துணியில் சலித்துச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தாள். அதுதான் அவளுடைய சிவப்பு. மஞ்சளுக்குச் சமையல் மஞ்சள், நீலத்துக்கு வேட்டிக்குப் போடுகிற நீலம், கறுப்புக்கு அடுப்புக்கரி. பச்சைக்குத்தான் படாத பாடு பட்டாள். எந்த இலையைக் கசக்கினாலும் மறுநாள் பழுப்பாகிவிடும்.

"சுத்தியும் பச்சையாக் கிடக்கு. ஒரு சொட்டு எடுக்க முடியலயே" என்பாள்.

தாள் கிடைக்காது. கப்பலில் வரும் சாமான் பெட்டிகளின் அட்டையில்தான் வரைவாள். வைகாசியில் பிடிக்கிற மழை கார்த்திகை தாண்டியும் விடாது. செருப்பு, பெல்ட், அப்பாவின் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும். ஊரிலிருந்து வரவேண்டிய தினசரிக் காலண்டர் மாசியில்தான் வந்து சேரும். அப்பா கழிந்துபோன தாள்களை மொத்தமாகக் கிழித்தெறிய மாட்டார். ஒவ்வொரு நாளாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார், தான் இல்லாதபோது வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கிறவரைப்போல.

ஊரின் நாட்களை அப்படி விடாமல் பிடித்துவைத்திருந்த நம் பெரியவர்கள் பொங்கலன்று ஒரு விழா நடத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறு பருவம், ஆறு பிள்ளைகள். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். கிடைத்த பருவத்துக்கு ஒரு படம் வரைந்து, சொந்தமாக நாலு வரி சொல்ல வேண்டும். அந்த ஆறில் பாதிகூடத் தீவில் கிடையாது. நமக்கு மழைக்காலம் உண்டு, மழை இல்லாத காலம் உண்டு. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முன்பனி கிடைத்த பையன் கம்பளி போர்த்திக்கொண்டு மேடையேறிப் பல்லைக் கிட்டி நடுங்குவான். கம்பளிக்குள்ளிருந்து வியர்வை முழங்கால் வழியாகச் சொட்டும். பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த அப்பாக்கள், "என்ன குளிரு, என்ன குளிரு" என்று தலையாட்டுவார்கள். அந்தப் பையன் உங்களில் ஒருவன்தான். பேரன் எடுத்துவிட்டான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்லவந்த பொங்கலின்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. மதராஸிலிருந்து மாமா கப்பலில் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். திரும்பும்போது எங்களில் ஒருவரைக் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பதாகப் பேச்சு. இரண்டு பேரை வைத்துக்கொள்ள அவர் வீட்டில் வசதியில்லை.

"பெரியவ போகட்டும். அவளுக்குத்தான் கையும் புத்தியும் ஒண்ணா ஓடுது" என்றாள் அம்மா. கப்பலுக்கென்று அக்காவுக்கு இரண்டு பாவாடைகூடத் தைத்து மடித்து வைத்திருந்தாள்.

அப்பாவுக்கு முடிவெடுக்கத் தயக்கம். "பொங்கலுக்கு மச்சான்தானே நடுவர். பிள்ளைகளப் பாத்துட்டு அவரே சொல்லட்டும்" என்றார்.

சீட்டில் எனக்கு இளவேனில் வந்தது. பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாந்தளிரும் குயிலும் ஓர் ஓடையும் வரைந்தேன். அக்காவுக்குப் பின்பனி. மாசியும் பங்குனியும். அவள் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. படகுத்துறைப் படியில் போய் உட்கார்ந்து, போன வருடத்து மாசியை நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

அந்தப் படம் எனக்கு இப்போதும் தெளிவாகத் தெரிகிறது. கடல் துடைத்துவைத்த பலகையைப்போல அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு படாக் மரம் இலையெல்லாம் உதிர்த்து நின்றது. பச்சையாக இருக்க மறுத்த இலைச்சாறெல்லாம் கடைசியில் அந்தச் சருகுகளுக்கு உதவின. ஓரத்தில் ஒரு கிணறு. ஒரு பெண் கயிற்றோடு கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா தன் நாலு வரியைச் சொன்னாள்.

மாசியில் எங்கள் கடலுக்கு வாயில்லை
மரம் இலையை இறக்கிவைத்து இளைப்பாறுகிறது
மழை வரும் வரைக்கும்
கிணற்றில் வானம் மட்டும் ஊறுகிறது

மாமா படத்தை அருகில் வாங்கிப் பார்த்தார். "பனி எங்கம்மா?"

"இங்க பெய்யாது மாமா."

"பின்பனிக்காலத்துல பனி பெய்யாமலா?"

"காலம் வரும். பனிதான் வராது."

சபை சிரித்தது. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. மாசியில என்ன பெய்யும்?"

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாசி மாதத்துப் புழுக்கத்தில் அக்காவின் விசிறியைப் பிடுங்கிக்கொண்டு படுத்தவன் நான்தான். "பனி, மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே பாடப்புத்தகத்துப் பனியை முழுவதும் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்னைப் புதிதாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அக்காவைப் பற்றி வருத்தத்தோடு சொன்னார்: "பிள்ளைக்கு இருக்கிறதப் பாத்து எழுத வருது. படிச்சத எழுத வரல."

அதை ஒரு குறையாகவே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று அப்பாவுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தபோது தலை நரைத்திருந்தது.

மாமா என்னைத்தான் கூட்டிப்போனார். எப்படியும் பையனைத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். என் மனைவியும் இருந்தவரை அப்படித்தான் சொன்னாள். அக்கா அந்தப் புதுப் பாவாடைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் என்னைக் கப்பலேற்ற வந்தாள். அதனால் எனக்கு அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. அவளுடைய படத்தை அம்மா அரிசி டின்னுக்கு மூடியாக வைத்தாள். அடுத்த மழையில் பூஞ்சணம் அதைத் தின்றுவிட்டது.

நான் மதராஸில் படித்து, ஊர் ஊராக வேலை பார்த்து, வகுப்பு வகுப்பாகப் பருவங்களை நடத்தினேன். அக்காவை வண்டூர் சாலையில் ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நெல் வயலும் பாக்குத் தோட்டமும். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் மீன் குழம்பு வைத்துத் தருவாள். "இப்பவும் வரையிறியா அக்கா?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வருமே என்று பயம்.

சுனாமி அலை வந்த கதை உங்களுக்குத் தெரியும். அத்தான் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அக்காவின் பக்கம் அலை பெரிதாக அடிக்கவில்லை. நிலநடுக்கத்தில் நிலம்தான் தாழ்ந்துவிட்டது. மற்ற இடங்களில் வந்த கடல் திரும்பிப் போனது. இங்கே வயலுக்குள் வந்தது அங்கேயே தங்கிவிட்டது. பாக்கு மரங்கள் நின்றபடியே செத்தன. வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் நீர் பெருகுகிற நாட்களில் மட்டும் உள்ளே வந்தது. நிவாரண முகாமில் இருந்துவிட்டு, முதல் மழையோடு அக்கா அந்த வீட்டுக்கே திரும்பினாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு தை மாதத்தில், அக்கா மகன் எனக்குப் போன் செய்தான். அவன் மேட்டுப் பக்கம் புது வீடு கட்டியிருந்தான்.

"மாமா, அந்த வீட்ட விட்டு வரமாட்டேன்னு அம்மா ஜித் பிடிக்கிறாங்க. ஓடையில முதலை வந்திருச்சு. பக்கத்துப் பெங்காலி வீட்டு ஆட்டை இழுத்துட்டுப் போயிருச்சு. நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எப்பக் கூட்டிட்டுப் போகணும்?"

"ஞாயித்துக்கிழமை லாரி சொல்லியிருக்கேன். நீங்க பேசி மட்டும் வைங்க. பஸ், அது போதும்."

நான் போய் இறங்கிய நாள் நீர் பெருகியிருந்தது. சாலையிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். அக்கா வாசலில் நின்றாள்.

"வாங்க ப்ரொபசர். செருப்பக் கையில எடுத்துக்கோங்க. மகன் அனுப்பினானா?"

"ஆட்டை முதலை கொண்டுபோயிருச்சாமே அக்கா."

"ஆடு தண்ணி ஏறுறதப் பாக்காம நின்னுருக்கும். நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன். உள்ள வா."

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் உயரம்வரை சுவர் பாசி பிடித்திருந்தது. அதற்கு மேல் மூன்று சுவர்களிலும் படம். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், கரி, வயல் சேறு. அக்காவுக்குக் கடைசியில் பச்சை கிடைத்திருந்தது. மீன்பிடிப் படகுகளின் பச்சை.

முதல் சுவரில் மழைக்காலம். மழையை அவள் கோடு கோடாகப் போடவில்லை. வயலில் நிற்கிற தண்ணீரை இரண்டு நிறமாகப் பிரித்திருந்தாள். மேலே மழைநீரின் மண்நிறம், அடியில் உப்புநீரின் பச்சை. இரண்டும் கலக்காமல் படுத்திருந்தன. அவற்றைக் குத்திக்கொண்டு தலையில்லாத பாக்கு மரங்கள். அதன் கீழே கரியால் எழுதியிருந்தாள்.

மேலே விழுவது நல்ல தண்ணீர்
கீழே கிடப்பது உப்புத் தண்ணீர்
நடுவில் நின்ற என் பாக்கு மரம்
எதையும் குடிக்கவில்லை

இரண்டாவது சுவரில் ஆவணி, புரட்டாசி. உப்புச் சேற்றில் வளர்கிற கண்டல் மரத்தின் விதைகள் முருங்கைக்காயைப்போல நீளமாக மிதந்துவந்து வயல் சேற்றில் குத்தி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நடவு முடிந்த வயல். அதன் கீழே, "நாற்று நான் விடவில்லை, நடவுக்கு ஆள் கூப்பிடவில்லை, வரிசைதான் கொஞ்சம் கோணல்" என்று இருந்தது. சிரித்துவிட்டேன். பிறகு மறுபடியும் படித்தேன். நெல் விளைந்த நிலத்தை இழந்தவள் எழுதிய வரி அது.

மூன்றாவது சுவரில் ஐப்பசி தொடங்கித் தை வரை. எங்கிருந்தோ வந்த நாரைகளும் உள்ளான்களும் தண்ணீருக்குள் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஏன் ஒரே கோடு என்று கேட்டேன்.

"அடியில வரப்பு இருக்குல்ல. நமக்குத் தெரியாது. அதுக காலுக்குத் தெரியுது."

எத்தனை பெரிய கவிகளின் கார்காலத்தை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இப்படி ஒரு கோடு எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. இதை உறவுக்காகச் சொல்லவில்லை.

நான்காவது சுவர் காலியாக இருந்தது. வெள்ளை மட்டும் அடித்திருந்தாள்.

"அது பங்குனிக்கு. மத்ததெல்லாம் ரெண்டு வருசமும் பாத்துட்டு வரைஞ்சேன். பங்குனிய ஒரு தடவகூடப் பாக்கல. முதல் பங்குனிக்கு முகாம்ல கிடந்தேன். போன பங்குனிக்கு மருமக பிரசவம். இந்தத் தடவ இங்கதான் இருப்பேன். நீயும் சொல்லாத, அவனும் சொல்ல வேண்டாம்."

பங்குனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்துவிடும். அக்கா எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள், முதலை நிஜம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"பங்குனியில என்ன இருக்கப்போவுது அக்கா? வெயிலு, வத்துன தண்ணி. தெரிஞ்சதுதான. இப்பவே வரைஞ்சுட்டுக் கிளம்பலாமே."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "பாக்காமலா?"

அன்று சாயங்காலம் சாலைக்கு ஏறி அக்கா மகனுக்குப் போன் செய்தேன். லாரியைப் பங்குனி முடிந்து கொண்டுவரச் சொன்னேன். அதுவரை நானும் அங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"மாமா, ஒரு ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னா, அங்க ரெண்டு ஆளாயிட்டீங்களே. க்யா மாமா, என்ன இது."

"எதுன்னாலும் நான் பொறுப்பு."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா முதல்ல?"

தெரியாது. அவன் திட்டினான். ஆனால் மறுநாள் அவனே வந்து வாசலுக்குக் குறுக்கே மூங்கில் வேலி கட்டினான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சாலைமேல் இருக்கிற டீக்கடைக்காரர் வீட்டில்தான் படுக்க வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். மாசி முழுவதும் நானும் அக்காவும் நாற்காலி போட்டுத் தண்ணீரைப் பார்த்தோம். ஒரு முறை முதலையின் முதுகைப் பார்த்ததாக நான் சொன்னேன். அது மிதந்துவந்த படாக் கட்டை என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அவளிடம் அந்தப் பொங்கலைப் பற்றியும் ஒருநாள் பேசினேன். பனி பெய்யாது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீ கப்பலுக்கு ஆசைப்பட்ட. நானும்தான் ஆசைப்பட்டேன். கொஞ்ச வருசம் உன் மேல ஆத்திரம் இருந்துச்சு. அப்புறம் களையெடுக்க ஆரம்பிச்சுட்டேன்." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

பங்குனி அமாவாசைக்கு மறுநாள், மத்தியானத்துக்கு மேல், கடல் அதற்கு முன் போகாத தூரத்துக்குப் போனது. தண்ணீருக்குள்ளிருந்து முதலில் ஒரு வரப்பு எழுந்தது. பிறகு அதைத் தொட்டு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அக்காவின் வயல் முழுவதும் கட்டம் கட்டமாக வெளியே வந்துவிட்டது. ஒரு மூலைகூடக் கலையவில்லை. அத்தான் வைத்த தண்ணீர்ப் பம்பு கிளிஞ்சல் அப்பிப் பாறையாக உட்கார்ந்திருந்தது. வரப்புகளின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நண்டுகள் வளைகளிலிருந்து ஏறி வந்தன.

அக்கா எழுந்து நின்றாள். "அதுதான் நாத்தங்கால்" என்றாள். வெயில் சாயும்போது கடல் திரும்பி வந்து ஒவ்வொரு கட்டமாக மூடியது.

நாலைந்து நாள் அப்படி வந்து போனது. பௌர்ணமியை ஒட்டி மறுபடியும் வந்தது. அக்கா தூரிகையைத் தொடவே இல்லை. பங்குனி முடியும் தறுவாயில் எனக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தாச்சே அக்கா. சுவரு காலியா நிக்குதே."

"ஒரு பங்குனிதான பாத்திருக்கேன். அடுத்த வருசமும் இப்படியே வரட்டும். அப்பத்தான் இது பருவம். இல்லன்னா தப்பி வந்தது." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "லாரிய வரச் சொல்லு."

கட்டிலும் பாத்திரமும் ஏறின. சுவரின் பூச்சைப் பெயர்த்து எடுத்துப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "அங்க கொண்டுபோயி எந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கும்?" என்றாள். அக்கா மகன் செல்போனில் படம் பிடித்தான். பாதிப் படங்களில் அவன் விரல் விழுந்திருக்கிறது. அந்த மழைக்காலத்தில் பின்சுவர் சரிந்தது. மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன.

அடுத்த பங்குனிக்கு நான் மறுபடியும் கப்பலேறி வந்தேன். இரண்டு பேரும் வண்டூர் பேருந்தில் போய்ச் சாலையோரம் நின்றோம். வீடு இருந்த மேட்டில் கற்கள்தான் கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் கடல் தள்ளிப்போனது. வரப்பு எழுந்தது, அடுத்தது எழுந்தது. நாற்றங்காலில் கண்டல் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிக் கட்டம் வரும்வரை பார்த்தாள். "சரி" என்றாள்.

மகன் வீட்டுக் கூடத்தில் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றுதான் பெரியது. அதில் டிவி இருந்தது. அக்கா சுவரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு டிவியைக் கழற்றி ஜன்னல் பக்கம் வைத்தான். சித்திரை முழுவதும் வரைந்தாள். அந்தச் சுவரில் இன்று பங்குனி இருக்கிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உப்பு பூத்த வரப்புகளைப் பார்க்கிறார்கள். மருமகள் விருந்தாளிகளிடம், "கிட்ட போய்ப் பாருங்க, நண்டுக்குக் கண்ணுகூட இருக்கு" என்கிறாள்.

படம் முடிந்த அன்று அக்கா கரித்துண்டை என்னிடம் நீட்டினாள். "கீழ நாலு வரி நீ எழுது. நீயும்தான் ரெண்டு தடவ பாத்திருக்கியே."

கல்லூரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அங்கே யாரும் என்னிடம் கரித்துண்டை நீட்டியதில்லை. பல நாள் உட்கார்ந்து மூன்று வரி எழுதினேன்.

கடல் கொஞ்சம் தள்ளி உட்காருகிறது
மூடிவைத்த வயலை வெயில் திறந்து பார்க்கிறது
வரப்பின் மேல் நண்டு ஒன்று நடந்து போய்

அதற்கு மேல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. நண்டு வளைக்குள் இறங்கியதா, அடுத்த கட்டத்துக்குத் தாண்டியதா, நான் கவனித்துப் பார்க்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்கிறாள். நான்காவது வரிக்கு இடம் விட்டு, சுற்றிலும் கறையைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

வருகிற பங்குனி அமாவாசைக்கு மறுநாள் மத்தியானப் பேருந்தில் நாங்கள் போகிறோம். உங்களில் நடக்க முடிந்தவர்கள் வரலாம். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும்.